எவாஞ்சலியனும் எஃகுக் குண்டும்

2016-ல் கொனாமி நிறுவனம் 'மெட்டல் கியர் சாலிட் 3: ஸ்னேக் ஈட்டர்' கேமை வைத்து ஒரு பச்சிஸ்லாட் எந்திரத்தை அறிவித்தது. 2004-ல் வந்த கேமின் காட்சிகளைப் புது கிராபிக்ஸில் அவ்வளவு அழகா செஞ்சிருந்தாங்க. ரசிகர்கள் கேட்டது ரீமேக், கிடைச்சது சூதாட்டப் பெட்டி. டிரெய்லருக்கு டிஸ்லைக் குவிந்தது. கேமை இயக்கிய ஹிதியோ கொஜிமா அதற்கு முந்தைய வருஷம்தான் கம்பெனியை விட்டு விலகியிருந்தார் என்பதால் எரிச்சல் இன்னும் கூடுதல்.

கோபம் நியாயம்தான். ஆனா "எங்க கேமை வித்துட்டாங்க" என்பதோடு அது நின்னுடுச்சு. அந்தப் பெட்டிக்குள்ள போன கதைக்கு என்ன ஆகுது என்பதுதான் என் கேள்வி.

முதலில் பச்சிங்கோ. குமிழைத் திருகினால் சின்ன எஃகுக் குண்டுகள் மேலே பாய்ந்து, ஆணிகளில் முட்டி மோதிக் கீழே விழும். நடுவில் இருக்கிற வாய்க்குள் ஒரு குண்டு விழுந்த அந்த நொடியே உள்ளே குலுக்கல் முடிஞ்சிடும். பல எந்திரங்களில் ஜாக்பாட் வாய்ப்பு ஏறக்குறைய 319-ல் ஒன்று. அப்புறம் திரையில் ஓடும் அனிமே எல்லாம், ஏற்கெனவே முடிவான ரிசல்ட்டை இழுத்து இழுத்துச் சொல்ற வேலைதான். மூன்று எண்களில் இரண்டு பொருந்தினால் 'ரீச்'. மூன்றாவது சுத்திக்கிட்டிருக்கும்போது சண்டைக் காட்சி வரும், நெஞ்சு படபடக்கும்.

2004 கடைசியில் வந்த எவாஞ்சலியன் பச்சிங்கோ பெரிய ஹிட். அதைத் தொடர்ந்து அடுத்தடுத்து எந்திரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 1995-ல் டிவியில் வந்த மூலத் தொடரில், எவா எந்திரம் கட்டுப்பாடு மீறி வெறிபிடித்துப் பாயும் காட்சி பார்க்கிறவங்களை நடுங்க வைக்கும். பச்சிங்கோவில் அதே வெறி அதிர்ஷ்டத்தின் அறிகுறி! எந்தக் காட்சி வந்தால் ஜெயிக்க எத்தனை சதவீதம் என்று 'நம்பகத்தன்மை' பட்டியலே உண்டு, ஆடுபவர்கள் அதை மனப்பாடமா வச்சிருப்பாங்க. ஷின்ஜியின் அலறலுக்கும் ஒரு சதவீதம்.

(பணம்? சட்டப்படி இது சூதாட்டமே இல்லை, பொழுதுபோக்கு. கடை தருவது பரிசுப் பொருள். அதை வெளியே இருக்கிற தனி ஜன்னலில் கொடுத்தால் காசு. 2018-ல் ஜப்பான் கொண்டுவந்த சூதாட்ட அடிமைத்தனத் தடுப்புச் சட்டத்தில் மட்டும் பச்சிங்கோவும் சேர்ந்துடுச்சு.)

இந்தக் கடைகள் வழியாகவே எவாஞ்சலியனுக்கு வந்த ரசிகர்களும் இருக்காங்க, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனா மெட்டல் கியர் விஷயத்தில் என்னால் சமாதானம் ஆக முடியல. ஸ்னேக் ஈட்டரின் கடைசியில் நாயகன் தன் குருவையே சுட வேண்டும் (ஸ்பாய்லர்தான், 20 வருஷம் ஆச்சு, மன்னிச்சுக்கோங்க). கேம் அதை வெறும் வீடியோவாகக் காட்டிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் விசையை நம்ம கையில் கொடுத்தது. விரல் தயங்கும். அந்தத் தயக்கத்துக்காகத்தான் அதுவரை ஆடின அத்தனை மணிநேரமும்.

பச்சிஸ்லாட்டில் லீவரைத் தட்டும்போதே குலுக்கல் நடந்துடும். ரீல்களை நிறுத்தும் பட்டன்களைச் சரியான நேரத்தில் அமுக்கினால், விழுந்த பரிசைத் தவறவிடாமல் இருக்கலாம். விழாத பரிசை வரவழைக்க முடியாது. திரை "அமுக்கு, அமுக்கு" என்று கத்தும், ஆளும் விடாம அமுக்கிக்கிட்டே இருப்பார்.

அந்த கேமின் நிஜமான ரீமேக் 2025-ல்தான் வந்தது.