திரையிற் பாடும் உரிமை: அமெரிக்க இசைத் திரைப்படமும் தமிழ்த் திரைப்பாடலும் – கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

1

திரைப்படத்திலே பாத்திரமொன்று பேச்சை நிறுத்திப் பாடத் தொடங்கும் கணம், விமரிசகரைச் சங்கடப்படுத்தும் கணமாகும். யதார்த்தத்தைக் கலையின் உரைகல்லாகக் கொண்ட எமது முற்போக்கு விமரிசன மரபு, திரைப்பாடலைப் பெரும்பாலும் இரண்டு வகையிலேயே எதிர்கொண்டு வந்துள்ளது. ஒன்று, அதனை வணிகச் சினிமா தரும் போதையெனத் தள்ளுதல்; மற்றையது, பெருந்திரளானோர் விரும்புகின்றனர் என்ற ஒரே காரணத்தினால் அதனை மக்கள் கலையெனப் போற்றுதல். இவ்விரு நிலைப்பாடுகளும் அடிப்படையான வினாவொன்றைக் கேட்கத் தவறிவிடுகின்றன. ஒரு சமூகத்திலே பாடுவதற்கு உரிமையுடையோர் யாவர், அவர்கள் யாரை நோக்கிப் பாடுகின்றனர், கேட்போர் எதிர்ப்பாட்டுப் பாட இடமுண்டா என்பதே அவ்வினா. இவ்வினாவை முன்வைத்து அமெரிக்க இசைத் திரைப்படத்தின் வளர்ச்சியையும் தமிழ்த் திரைப்பாடலின் வளர்ச்சியையும் ஒப்புநோக்கி, கல்முனை முதலிய கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் பாட்டு மரபுக்கு நேர்ந்தது யாது என ஆராய்வதே எமது நோக்கமாகும்.

2

அமெரிக்கப் பேசும்படத்தின் தொடக்கமாகக் கருதப்படும் 'த ஜாஸ் சிங்கர்' (1927) ஒரு பாடகனின் கதையாக அமைந்தமை தற்செயலன்று. யூத வழிபாட்டிசைக் குடும்பத்தில் வந்த மகன் தந்தையின் தொழிலைத் துறந்து அமெரிக்க மேடையேறுகிறான். அம்மேடையில் அவன் முகத்திற் கரிபூசிக் கறுப்பர் வேடத்திற் பாடுகிறான். குடிபெயர்ந்தோனின் மகன் அமெரிக்கனாவதற்குக் கறுப்பரின் முகம் பயன்படுகிறது. கறுப்பருக்கு அம்மேடையில் இடமில்லை. இக்கலைவடிவத்தை நீண்டகாலம் பின்தொடர்ந்த முரண்பாடு அதன் பிறப்பிலேயே பதிந்திருந்தது.

ஹொலிவூட் பாடுவதற்கு முதலில் ஒரு சாட்டுத் தேடியது. கதைமாந்தர் நாடக மேடையைச் சேர்ந்தோராயின் அவர்கள் பாடுவது இயல்பெனக் கொள்ளப்பட்டது. இச்சாட்டு பொருளாதாரப் பெருமந்தக் காலத்திலே எதிர்பாராத பயனைத் தந்தது. உழைப்பாளரில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் வேலையற்றிருந்த 1933ஆம் ஆண்டில் வெளிவந்த '42ஆம் தெரு', குழுநடனப் பெண்களின் வியர்வையையும் வேலையிழக்கும் அச்சத்தையும் திரைக்குக் கொணர்ந்தது. அதே ஆண்டின் 'கோல்ட் டிகர்ஸ் ஒவ் 1933' பணம் பெருகியதாகக் களிக்கும் ஆட்டத்துடன் தொடங்குகிறது. கடன்காரருக்காக வந்த அதிகாரிகள் ஒத்திகையின் நடுவே புகுந்து அரங்கப் பொருள்களைப் பறித்துச் செல்கின்றனர். அப்படத்தின் இறுதிப் பாடலோ, முதலாம் உலகப் போரிலே போராடிப் பின்னர் பட்டினி வரிசையில் நின்ற படைவீரரைப் பற்றியது. தமக்குரிய கொடுப்பனவைக் கேட்டு வாஷிங்டனிற் கூடிய முன்னாட் படைவீரரை 1932 ஜூலையில் இராணுவம் கலைத்ததை அன்றைய பார்வையாளர் மறந்திருக்க முடியாது. அப்பாடலின் ஒரு பகுதியைச் சாளரத்தினருகே அமர்ந்து பாடுபவர் எற்றா மோற்றன் என்னும் கறுப்பினப் பாடகி. படத்தின் கதையில் அவருக்கு இடமில்லை. அதன் துயரத்தில் மாத்திரம் இடமுண்டு.

இசைத் திரைப்படம் தருவது இலட்சிய உலகின் வரைபடத்தையன்று, அவ்வுலகு எத்தகைய உணர்வைத் தரும் என்பதையே என ரிச்சர்ட் டயர் 1977இல் எழுதினார். பற்றாக்குறைக்கு எதிராகச் செழிப்பு, களைப்புக்கு எதிராக ஆற்றல், சிதறலுக்கு எதிராகக் கூட்டுணர்வு எனச் சமூகத்தில் இல்லாதவற்றைப் பாடலும் ஆடலும் உணர்த்துகின்றன. பிரெட் அஸ்ரெயரும் ஜிஞ்சர் றொஜர்ஸும் ஆடிய 'டொப் ஹற்' (1935) படத்தின் பளபளப்பான விடுதிகளை இந்நோக்கிற் காணின், அவை வெறும் பொய்யல்ல. பார்வையாளரின் இல்லாமையின் மறுபக்கமே எனலாம்.

ஆயின் அச்செழிப்பு யாவருக்கும் உரியதாக இருந்ததில்லை. லீனா ஹோர்ன் என்னும் கறுப்பினப் பாடகி எம்.ஜி.எம். நிறுவனத்தின் படங்கள் பலவற்றிற் கதையோடு தொடர்பற்ற தனிப்பாடல்களிலேயே தோன்றினார். தென்மாநிலப் படமாளிகைகள் அக்காட்சிகளை வெட்டி நீக்கினும் கதை குலையாதிருக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். ஒரு நாட்டின் இனவொதுக்கல் திரைப்படத்தின் கட்டமைப்பையே தீர்மானித்தமைக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 'வெஸ்ற் சைட் ஸ்ரோறி' (1961) புவேர்ட்டோ றிக்கோ மக்களைக் கதையின் மையத்துக்குக் கொணர்ந்தபோதும் நாயகியாக நற்றலி வூட்டே நடித்தார். அவருக்காகப் பாடிய மார்ணி நிக்சனின் பெயர் படத்தில் இடம்பெறவில்லை.

1950களிலிருந்து தொலைக்காட்சியின் பரவலும் பழைய படப்பிடிப்பு நிறுவன முறையின் சிதைவும் இக்கலைவடிவத்தின் பொருளாதார அடித்தளத்தைத் தளர்த்தின. 'த சவுண்ட் ஒவ் மியூசிக்' (1965) ஈட்டிய பெருவெற்றியைப் பின்பற்றிப் பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட படங்கள் சில, 1960களின் இறுதியிற் பெரும் நட்டத்தைத் தந்தன. குடியுரிமைப் போராட்டமும் வியற்நாம் போரும் பிளவுபடுத்திய ஒரு சமூகத்தில், தெருவில் நிற்போரனைவரும் ஒரே குரலிற் பாடுவர் என்பதை நம்புதல் அரிதாயிற்று. இந்நம்பிக்கையிழப்பையே பொருளாக்கிய படம் 'கபரே' (1972). அதன் பாடல்கள் கேளிக்கை விடுதியின் மேடைக்குள்ளேயே அமைகின்றன. மேடைக்கு வெளியே, பகல் வெளிச்சத்திற் பாடப்படும் பாடல் ஒன்றே. அதனைத் தொடங்குபவன் ஒரு நாற்சி இளைஞன். சூழவிருந்தோர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து சேர்ந்து பாடுகின்றனர். முதியவர் ஒருவர் மாத்திரம் எழாதிருக்கிறார். இசைத் திரைப்படம் அதுவரை வாக்களித்துவந்த கூட்டுணர்வு, எதிர்ப்பாட்டுக்கு இடந்தராத கூட்டுக்குரலாகவும் மாறக்கூடும் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

3

தமிழ்த் திரைப்படத்திற்கு இத்தகைய சாட்டு எதுவும் தேவைப்படவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த இசைநாடக மேடையே திரைக்குப் பெயர்ந்தமையால், பாத்திரங்கள் பாடுவதே இயல்பாக இருந்தது. 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்திலேயே கதையோடு தொடர்பற்ற தேசியப் பாடல்கள் இடம்பெற்றன. எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான 'பவளக்கொடி' (1934) பாடல்களின் தொடராகவே அமைந்தது. பாகவதர் தமது குரலிலேயே பாடினார். நடிகரின் குரலும் உடலும் ஒன்றாயிருந்த காலமது.

பின்னணிப் பாடன்முறை நிலைபெற்றபோது குரல் உடலிலிருந்து பிரிந்தது. அமெரிக்காவில் இரவற்குரல் மறைக்கப்பட வேண்டிய ஒன்றாயிருந்தது. இரவற்குரலின் இரகசியத்தையே கதைப்பொருளாகக் கொண்ட 'சிங்கிங் இன் த றெயின்' (1952) படத்திற்கூட நாயகியின் பாடல்கள் சிலவற்றை வேறொருவரே பாடினார். அவர் பெயர் சொல்லப்படவில்லை. தமிழிலோ ரி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா ஆகியோரின் பெயர்கள் நடிகர் பெயர்களுக்கு நிகராக மக்களிடையே வழங்கின. இப்பிரிவின் விளைவாகத் திரைப்பாடல் படத்தினின்று கழன்று தனித்து வாழும் தகைமையைப் பெற்றது. அரசியல் அதனைப் பயன்படுத்திக்கொண்டது. உழைப்பாளியாகவும் பொதுவுடைமை இயக்கத்தவராகவும் விளங்கிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (1930–1959) எழுதிய வரிகள் சௌந்தரராஜனின் குரலில் எம்.ஜி.ஆரின் உருவத்தைச் சென்றடைந்தன. வர்க்க உணர்வு தனிமனித வழிபாடாக உருமாறிய இந்நிகழ்வுப்போக்கு 1977இல் அவரை முதலமைச்சராக்கிய காரணிகளுள் ஒன்றாயிற்று. 'அன்னக்கிளி' (1976) வாயிலாக இளையராஜா கிராமத்து இசையைத் திரைக்குக் கொணர்ந்தார். அதன் பின்னர் பாத்திரம் வாயசைக்காமலே பாடல் பின்னணியில் ஒலிக்கும் முறையும் பெருகியது. இவ்வளர்ச்சியினூடே மாறாதிருந்தது ஒன்றுண்டு. பெண்குரல் பாடிய காதலையும் ஏக்கத்தையும் எழுதியோர் ஏறத்தாழ முற்றிலும் ஆண்களே.

பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்புச் சாதனமாக நோக்கிய தமது 1981ஆம் ஆண்டு ஆய்விலே, தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் அரங்கு சினிமா மாளிகையே எனச் சுட்டினார். சாதியமைப்பின் பின்னணியில் இக்கூற்றின் முக்கியத்துவம் பெரிது. ஆயின் கல்முனைக் கரையில் நின்று நோக்குமிடத்து இதற்கு ஒரு துணைக்குறிப்பு வேண்டியுள்ளது. இக்கரையின் முஸ்லிம் பெண்கள் எளிதிற் செல்லக்கூடிய இடமாகப் படமாளிகை இருக்கவில்லை. அவர்களிடம் வந்து சேர்ந்தது படமன்று, பாடலே. அதனைக் கொணர்ந்தவை வானொலியும் கலியாண வீட்டு ஒலிபெருக்கியுமாகும்.

4

கல்முனை, மருதமுனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலான ஊர்கள் நெல்வயலும் கடலும் கைத்தறியும் வளர்த்தவை. இவ்வூர்களில் 'கவி' என வழங்கும் நாலடிச் சிறுபாடல், எழுத்தறியாதோரும் இயற்றிய கலைவடிவமாகும். வட்டையிற் காவற்பரணில் இருப்போனும், வீட்டிலே காத்திருப்போளும், பிரிந்த மச்சானும் மச்சியும் அதன் மாந்தர். ஒருவர் கவி சொல்ல மற்றவர் எதிர்க்கவி சொல்லுதல் இம்மரபின் உயிர்நாடியாகும். பெண்ணின் குரல் இதில் மிகுதி. அது கெஞ்சும், ஏசும், எள்ளும், சபிக்கவுஞ் செய்யும். இதனோடு பக்கீர் பாவாமாரின் றபான் இசையும், முனாஜாத்தும் கிஸ்ஸாவும், பொல்லடியும், ஊஞ்சற் பாட்டும், பெண்களின் குரவையும் சேர்ந்த ஒலியுலகமொன்று இங்கிருந்தது.

இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கியது. 1952ஐ ஒட்டி இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, அவற்றுக்குக் கொழும்பே புகலிடமாயிற்று. தென்னிந்தியாவும் கேட்ட அதே பாடல்களை மருதமுனைத் தறிவீடும் சம்மாந்துறை அடுப்படியும் கேட்டன. 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் நாகூர் ஹனிபாவின் குரலும் ஒலித்தபோது, தமிழ்த் திரையிசையிலே தமக்கும் ஒரு பங்குண்டு என இக்கரை மக்கள் உணர்ந்திருத்தல் இயல்பே. 1970களின் பிற்பகுதியிலிருந்து அரபு நாடுகளுக்குத் தொழில்தேடிச் சென்றோர் கொணர்ந்த ஒலிப்பதிவுக் கருவிகள் இக்கேட்டலை மேலும் தனிப்பட்டதாக்கின. இன முரண்பாடு கூர்மையடைந்த 1980களின் நடுப்பகுதிக்குப் பின்னரும், எல்லைவீதியின் இரு புறத்துத் தமிழ் வீடும் முஸ்லிம் வீடும் ஒரே பாடலைக் கேட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இங்கே எளிதாக எழக்கூடிய ஒரு முடிவை நாம் மறுக்க வேண்டியுள்ளது. திரைப்பாடல் கவியைக் கொன்றது என்பதே அம்முடிவு. கவிக்கு வாழ்விடமாயிருந்தது ஒரு குறித்த உழைப்புமுறை. எருமைகளைக் கொண்டு சூடுமிதித்த இரவுகளை உழவு இயந்திரம் குறுக்கியது; பின்னர் அறுவடை இயந்திரம் வெட்டுக்காரரையே வயலினின்று அகற்றியது. பாடுவதற்கு நீண்ட இரவும், எதிர்ப்பாட்டுச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லாதபோது கவி தானே தளர்ந்தது. வெறுமையான அவ்விடத்திலேயே திரைப்பாடல் வந்தமர்ந்தது. அன்றியும், கவி வாழ்ந்த காலத்தைப் பொற்காலமாகக் கொள்வதும் தவறு. போடியாரின் நிலத்திற் கூலிக்கு உழைத்தோர் பாடிய பாடல் அது. அதன் இனிமையுள் வறுமையும் கைவிடப்பட்ட பெண்ணின் குமுறலும் உறைந்துள்ளன.

எனினும் இழப்பொன்று உண்டு. அதனை இசைநயத்தின் இழப்பாகக் கொள்வதிலும், எதிர்ப்பாட்டின் இழப்பாகக் கொள்வதே பொருந்தும். கவியிலே பெண் இயற்றுபவள். திரைப்பாடலிலே அவள் கேட்பவள். வேறோர் ஆண் எழுதி, வேறொரு பெண் பாடிய ஏக்கத்தை அவள் தனதாக்கிக் கொள்ளலாம். அதற்கு மறுமொழி கூற முடியாது. விருப்பப் பாடல் கேட்டு அஞ்சலட்டை அனுப்பிய நேயரின் பெயர் வானொலியில் வாசிக்கப்பட்டது. அவருடைய குரலுக்குப் பதிலாக ஒலித்தது அவருடைய பெயர் மாத்திரமே.

5

ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் இவ்விடைவெளியை நிரப்பியிருக்கக் கூடும். 1960களின் முற்பகுதியிலிருந்து 'தோட்டக்காரி' (1963), 'குத்துவிளக்கு' (1972), 'வாடைக்காற்று' (1978) என முயற்சிகள் தொடர்ந்தன. தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' (1977) யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதியையும் சீதனத்தையும் அச்சமூகத்தின் நடையிலேயே நோக்கியது. ஆயின் சென்னைப் படத்தின் போட்டியில் நிலைக்க விரும்பிய படங்கள் பல, அதன் பாட்டமைப்பையே முன்மாதிரியாகக் கொண்டன. கிழக்கின் கவி ஒரு திரையிசை மொழியாக வளரும் சூழ்நிலை உருவாகவில்லை. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையம் எரியூட்டப்பட்டமை, வளரத் தொடங்கிய அத்துறைக்குப் பேரிடியாயிற்று.

ஓரம்சம் இவ்வொப்புநோக்கிலிருந்து தெளிவாகின்றது. அமெரிக்க இசைத் திரைப்படத்தின் வரலாறு, அதன் நடனத் திறனின் வரலாறு மாத்திரமன்று. பாட அனுமதிக்கப்பட்டோரும் வெட்டி நீக்கப்பட்டோரும் பற்றிய வரலாறுமாகும். 'வெஸ்ற் சைட் ஸ்ரோறி' 2021இல் மீண்டும் எடுக்கப்பட்டபோது புவேர்ட்டோ றிக்கோ பாத்திரங்களை லத்தீன் அமெரிக்க வழிவந்த நடிகரே ஏற்றனர் எனின், அறுபது ஆண்டுக்காலச் சமூகப் போராட்டம் அதன் பின்னால் உள்ளது. திரைப்பாடலை மதிப்பிடும் எமது விமரிசனமும் இவ்வழியிற் செல்லுதல் வேண்டும்.

கல்முனைக் கரையின் கவிகளை எம்.ஏ. நுஃமான், எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்தமை பெரும்பணியாகும். இன்று கவி கலைவிழா மேடைகளிற் பண்பாட்டுச் சின்னமாக ஒப்புவிக்கப்படுகிறது. மேடையில் நிற்போர் அதனை மனனஞ் செய்து சொல்கின்றனர், எதிர்க்கவி எதிர்பார்க்கப்படுவதில்லை. இந்நிலையில் வரிகளைப் பதிவதோடு எமது ஆய்வு அமைந்துவிடலாகாது. எக்கவி யாரால், எந்த வேலையின்போது, யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, அதற்கு எதிராக என்ன சொல்லப்பட்டது என்பவற்றை, நினைவுள்ள முதிய பெண்கள் எம்மிடையே வாழும்போதே கேட்டறிதல் வேண்டும். அவர்கள் இளமையில் விரும்பிக் கேட்ட திரைப்பாடல்கள் எவை, அவற்றுள் எவ்வரியை மாற்றிப் பாடினர் என்பதையும் அதனுடன் சேர்த்தே கேட்டல் வேண்டும்.