கடல் கடந்த குடும்பம்: 'கடலுக்கு அப்பால்' நாவலைப் பற்றி

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் போரையும் இந்திய தேசிய இராணுவத்தையும் சொல்லி முடித்துவிடுகின்றனர். 'கலைமகள்' நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவுப் போட்டியில் பரிசு பெற்று, 1959இல் நூலாக வெளிவந்தது அது. அதன் உயிர்நிலை போர்க்களத்தில் இல்லை. பினாங்கில் மனைவி மகளோடு குடியிருக்கும் ஒரு லேவாதேவிக்காரரின் வீட்டில் இருக்கின்றது என்பது என் துணிபு.

பினாங்குத் தெருவின் பழைய வட்டிக்கடைகளைப் பற்றி அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். நகரத்தார் 'கொண்டுவிக்க'ப் புறப்பட்ட காலத்தில் மனைவி மக்களை உடன் அழைத்து வருவது பெரும்பாலும் வழக்கமில்லை. ஏஜண்டாக வந்தவர் மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்துவிட்டுக் கப்பலேறுவார். வேறொருவர் வந்து அதே பெட்டியடியில் அமர்வார். கிட்டங்கி என்பது ஆண்கள் மட்டுமே உறைந்த நீண்ட கூடம். பல மார்க்காக்கள், ஆளுக்கொரு பெட்டகம், ஒரு சாய்மேசை. இரவில் அங்கேயே படுக்கை. ஊர் நினைவுக்கு வடிகால் கோயில்தான். தண்ணீர்மலையில் 1857இல் கோயில் எழுப்பினார்கள். 1894இல் வெள்ளி இரதம் வந்து சேர்ந்தது. ஆனால் அவர்களுடைய வீடு கடலுக்கு அக்கரையில் பத்திரமாக இருந்தது. குலவழக்கைக் காப்பது அங்குள்ள பெண்கள், பெரியவர்கள் பொறுப்பு. இங்கிருப்பவர் கணக்கைக் காத்தால் போதும்.

வானாயீனா என்று விலாசத்தால் அழைக்கப்பெறும் வயிரமுத்துப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. மனைவி காமாட்சியும் மகள் மரகதமும் இங்கேயே இருக்கின்றார்கள். ஆகவே கடைக்கு முதலாளியாக இருப்பதோடு, ஊருக்கும் இனத்துக்கும் காவற்காரராகவும் அவரே இருக்க நேர்கின்றது. அவருடைய கடையில் வேலை பார்த்த செல்லையா மரகதத்தை விரும்புகின்றான், தாய்க்கும் சம்மதமே. ஆனால் செல்லையா இராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தவன். அந்தக் கை இனிப் பெட்டியடியில் பணிந்து வட்டிக் கணக்கு எழுதாது என்பது பிள்ளையின் முடிவு. இதனால் அவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. குடும்பத்தை உடன் கொண்டுவந்தவன் எதையும் ஊரில் விட்டு வைக்கவில்லை. இங்கே தவறினால் எல்லாம் தவறியது என்றுதான் அவன் அஞ்சுவான். கொடுமை என்பதைவிட அச்சம் என்பதே பொருந்தும்.

குறையும் உண்டு. மரகதத்தின் மனத்தைச் செல்லையாவின் கண்வழியேதான் நாம் மிகுதியும் காண்கின்றோம். கடல்கடந்து வாழும் பெண்ணுக்கு நாள் முழுவதும் என்ன நிகழ்ந்தது? அடுக்களையில் யாரோடு பேசினாள்? அவ்வளவு உன்னிப்பாகக் கடைவீதியைக் கண்ட ஆசிரியர் வீட்டுக்குள் வாசற்படி வரைதான் செல்கின்றார்.

தோட்டப் பள்ளி ஆசிரியன் என்ற முறையில் இன்னொன்றும் எனக்குப் படுகின்றது. பால்மரக் காட்டுக்குக் கங்காணி அழைத்து வந்தவர்களுள் பலர் குடும்பமாகவே வந்தவர்கள். தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததும் அதனால்தான். அந்த லயத்து வீடுகளின் உள்வாழ்க்கைக்கு இந்நூலில் இடமில்லை.

சிங்காரம் 1938இல், பதினெட்டு வயதில், மைடானுக்குச் சென்றவர். அங்கே மணம் புரிந்து, பிரசவத்தில் மனைவியையும் சேயையும் இழந்து, 1946இல் தாயகம் திரும்பினார். அக்கரையில் அமைத்த குடும்பம் எத்தனை எளிதில் கலையும் என்பதைப் பிறர் சொல்லி அவர் அறியவில்லை.

1972இல் வந்த 'புயலிலே ஒரு தோணி'யையே பெரிய நூல் என்பர். மொழியாட்சியில் அது மறுக்க முடியாதது. ஆயினும் அதன் நாயகன் பாண்டியன் தனியன். வயிரமுத்துப் பிள்ளையின் வீட்டைப் போன்ற ஒரு வீடு அதில் நடுவிடம் பெறவில்லை. எனவே மேல்வகுப்பு மாணவர் கையில் முதலில் கொடுப்பதற்கு நான் எடுப்பது சிறிய நூலையே.