தொடரால் பெயர்பெற்ற குறுந்தொகைப் புலவர்கள்

சங்கப் பாடல்கள் 2381. இவற்றுள் 102 பாடல்களுக்குப் பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்து, பாடலில் வரும் தொடரே பெயராக நிலைத்துவிட்டது. குறுந்தொகையின் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார் ஆகியோர் இத்தகையோர். இயற்பெயர் தெரியாத நிலையில் தொகுத்தோர் இட்ட பெயர்கள் இவை என்பது அறிஞர் கருத்து.

பெயரே திறனாய்வு

முழுப் பாடலிலிருந்து ஒரு தொடரைப் பொறுக்கி, இதுவே இப்புலவரின் அடையாளம் என்று காட்டுவதும் திறனாய்வுதான். பெரும்பாலும் உவமையே பெயராகியிருக்கிறது. அந்தத் தேர்வு புலவரை மறதியிலிருந்து காத்தது. ஆனால் பாடலைப் படிக்கும் முன்பே நம் கண்ணை ஓரிடத்தில் நிறுத்தியும்விட்டது.

பெயரில் இடம்பெறாதவை

அணிலாடு முன்றிலார் என்றதும் மகிழ்ச்சியான வீட்டு முற்றம் தோன்றுகிறது. பாடலில் (41) அது ஊரார் விட்டுப்போன பாலைநிலச் சிற்றூரின் வெறுமையான வீடு. மனிதர் இல்லாததால்தான் அங்கே அணில் ஆடுகிறது. காதலன் அருகிருக்கும்போது விழாக்கொண்ட ஊர்போல் மகிழும் தலைவி, அவன் பிரிந்தால் அந்த வீடுபோல் ஆகிறாள். பெயரில் அணில் இருக்கிறது, தனிமை இல்லை.

குப்பைக் கோழியார் என்ற பெயர் இன்று இகழ்ச்சியாக ஒலிக்கக்கூடும். பாடலிலோ (305) ஏவுவாரும் விலக்குவாரும் இன்றித் தாமே பொருதுகின்றன குப்பைமேட்டுக் கோழிகள். தன் காமநோயைத் தீர்க்க எவருமில்லாத தலைவியின் நிலை அது.

செம்புலப்பெயனீரார் பாடல் (40) ஐந்தடி. முதல் மூன்றடிகளும் வினாக்கள்: தாயர் உறவா, தந்தையர் உறவா, நாம்தான் முன்பு அறிந்தவர்களா? எந்த உறவும் இல்லை என்பது இவ்வினாக்களால் உறுதியான பிறகே செம்மண்ணில் மழைநீர் கலக்கிறது. வினாக்களை விட்டுவிட்டு உவமையை மட்டும் மேற்கோள் காட்டினால் அந்தக் கலப்பின் வியப்பு குறைந்துவிடும்.

ஆணா, பெண்ணா?

‘ஆர்’ என்னும் மதிப்பு விகுதி இருபாலார்க்கும் பொது. ஆதலால் அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் போன்ற பெயர்களைக் கொண்டு பாடியவர் ஆணா பெண்ணா என்று முடிவுசெய்ய முடியாது. தலைவி கூற்று என்பதும் சான்றாகாது. அக்கூற்றை ஆண்புலவரும் பாடியுள்ளனர்.

மதிப்பீடு

தேர்வுத்தாள் பாடலையும் புலவரையும் பொருத்தச் சொல்கிறது. தொடரே பெயரான இடத்தில் மாணவர் அத்தொடரைக் கண்டே விடையெழுதிவிடலாம். பாடலைப் படிக்க வேண்டியதில்லை. பெயரை மூடிவைத்துப் பாடலை முழுதும் படித்து, ‘நீங்கள் எந்தத் தொடரைப் பெயராக இடுவீர்கள்?’ என்று கேட்பது நல்ல பயிற்சி. விடைகள் வேறுபடும்போது தொகுத்தோர் எதைத் தேர்ந்தனர், எதை விட்டனர் என்பது விளங்கும்.