திருச்சபையும் இளையோரும்: வாலிபர் ஆராதனை பற்றிய ஒரு திறனாய்வு

வாலிபர் ஆராதனை என்பது பதின்பருவத்தினருக்கும் திருமணமாகாத இளையோருக்கும் அவர்களுக்குப் பழகிய இசையிலும் மொழியிலும் திருச்சபை தனியே நடத்தும் வழிபாடு. தமிழ்நாட்டில் தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபையிலும் வாலிபர் ஐக்கியங்கள் இதைப் பொறுப்பேற்று நடத்துகின்றன. கத்தோலிக்கப் பங்குகளில் இது இளையோர் திருப்பலியாகவும் பெந்தெகொஸ்தே சபைகளில் வாலிபர் கூட்டமாகவும் அமைகிறது. இளையோர் திருச்சபையை விட்டு விலகுகிறார்கள் என்ற கவலைக்குச் சபைகள் முதலில் கையிலெடுக்கும் மருந்து இதுதான். அது எந்த அளவுக்குப் பலன் தருகிறது, எந்த இடத்தில் தவறுகிறது என்பதை ஆராய்வது இன்றைய தேவை.

தேவை எழுந்த சூழல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 44 லட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் 6.12 விழுக்காடு. கன்னியாகுமரி மாவட்டத்தில் இது 46.85 விழுக்காடு. தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்துவரும் தென்மாவட்ட ஊர்களிலும் ஒரே விதமான குறை கேட்கிறது. ஞாயிறு பள்ளி, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, திடப்படுத்தல் அல்லது உறுதிபூசுதல் என்று ஒவ்வொரு படியாக ஏறிவரும் பிள்ளைகளில் பலர், அதன்பின் மெல்ல ஆலயத்தில் தென்படாமல் போகிறார்கள்.

காரணங்கள் பல. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளின் தனிப்பயிற்சி ஞாயிறு காலையையும் எடுத்துக்கொள்கிறது. படிப்பும் வேலையும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பிள்ளைகளைச் சென்னை, கோவை, பெங்களூரு என்று கொண்டுபோகின்றன. போன இடத்தில் அவர்களை விசாரிக்க ஆளில்லை. ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு வழிபாட்டுத் தமிழ் எட்டவில்லை. சீர்திருத்தச் சபைகளின் பீடங்களில் இன்றும் வாசிக்கப்படுவது பெரும்பாலும் 1871-இல் வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கிய வேதாகமம். அதன் வடமொழி கலந்த நடை பெரியவர்களுக்கு மனப்பாடம், பிள்ளைகளுக்கோ புதிர். இன்றைய தமிழில் 1995-இல் திருவிவிலியம் வந்தபின்னும் இந்த இடைவெளி முழுதும் நீங்கவில்லை. இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம் ஒன்று உண்டு: திடப்படுத்தல் முடிந்த பிள்ளைக்குச் சபையில் அடுத்து என்ன வேலை என்று சொல்ல யாருமில்லை.

வரலாற்றுப் பின்னணி

இளையோருக்கெனத் தனி அமைப்பு என்பது இன்றைய எண்ணமன்று. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 1780-இல் ராபர்ட் ரெய்க்ஸ் முன்னெடுத்த ஞாயிறு பள்ளி, வாரம் முழுவதும் தொழிற்கூடங்களில் உழைத்த ஏழைச் சிறுவருக்கு எழுத்தறிவும் மறையறிவும் தந்தது. 1844-இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ., துணிக்கடைகளில் வேலை செய்த இளைஞர்களின் தனிமையைப் போக்க எழுந்தது. 1890-இல் சென்னையிலும் அது கால்கொண்டது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1881-இல் பிரான்சிஸ் கிளார்க் என்னும் போதகர் கிறிஸ்டியன் எண்டெவர் சங்கத்தை ஏற்படுத்தினார். அதன் முழு உறுப்பினர் எவரும் கூட்டத்துக்கு வந்து கேட்டுவிட்டு மட்டும் போக முடியாது. ஜெபமோ சாட்சியோ வாசிப்போ தம் பங்காகச் செய்தாக வேண்டும். சங்கத்தின் பணிகளும் குழுக்களாகப் பிரித்து இளையோரிடமே ஒப்படைக்கப்பட்டன. பெல்ஜியத்தில் 1925-இல் ஜோசப் கார்டைன் உருவாக்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம், சூழலைப் பார்த்து, நற்செய்தியின் ஒளியில் சீர்தூக்கி, பின் செயல்படும் முறையை இளம் தொழிலாளர்களுக்குப் பழக்கியது.

தமிழ் மண்ணிலும் இளையோர் பொறுப்பேற்றதற்குச் சான்றுகள் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800-ஆம் ஆண்டளவில் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றியபோது அவருக்கு வயது ஏறத்தாழ 26. மக்கள் சுவைத்த குறவஞ்சி வடிவத்தை நற்செய்திக்கு எடுத்தாண்டவர் ஓர் இளைஞர். 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா இருபது வயதை ஒட்டி ஒய்.எம்.சி.ஏ. செயலாளரானார், முப்பது வயதுக்குள், 1903-இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாவதில் முன்னின்றார், 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

ஆக, தாக்கம் விளைத்த முயற்சிகள் பலவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை இருந்தது: அவை இளையோரிடம் ஏதோ ஒரு பொறுப்பை ஒப்படைத்தன. இன்றைய வாலிபர் ஆராதனையை அளக்க வேண்டிய கோலும் இதுவே.

இன்றைய நடைமுறை

கித்தார், கீபோர்டு, டிரம்ஸ் அடங்கிய குழு. திரையில் ஓடும் பாடல் வரிகள். அரை மணி நேரத்துக்கு மேல் தொடரும் துதிப்பாடல்கள். அன்றாட வாழ்க்கையைத் தொட்டுப் பேசும் செய்தி. இறுதியில் ஜெபமும் சிற்றுண்டியும். நகரத்துச் சபைகளில் மாலை ஆராதனை ஒன்று பெரும்பாலும் இப்படி அமைகிறது. இதனுடன் ஆண்டுக்கு ஒருமுறை வாலிபர் ஞாயிறு, கோடைக்கால முகாம், டிசம்பரில் வீடு வீடாகச் செல்லும் கேரல் ரவுண்ட்ஸ் ஆகியவை சேர்கின்றன. சபைப் பிரிவுகளுக்கிடையே நடைமுறை வேறுபட்டாலும் இசைக்குத் தரப்படும் முதன்மை பொதுவானது.

நிறைகள்

முதல் நிறை, வாயிலைத் திறந்து வைப்பது. வழிபாட்டு முறைநூலின் ஒழுங்கு தெரியாத, எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று தயங்குகிற இளைஞருக்கு இந்த ஆராதனை அச்சமூட்டுவதில்லை. நண்பர் ஒருவரை உடன் அழைத்துவரவும் கூச்சமில்லை.

இரண்டாவது, மொழி. தாம் பேசும் தமிழில் செய்தி கேட்கும்போது அது தமக்கே சொல்லப்படுவதாக இளையோர் உணர்கிறார்கள். வழிபாட்டில் மக்களின் மொழிக்கு இடம் தந்து, 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கை விளக்கமும் இந்தத் தேவையை ஏற்றுக்கொண்ட ஒன்றே.

மூன்றாவது, திறன் வளர்ச்சி. மேடையில் பேசவும், ஒலியமைப்பைக் கையாளவும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும், பொதுப்பணத்துக்குக் கணக்கு எழுதவும் பலர் முதன்முதலில் கற்றுக்கொள்வது வாலிபர் ஐக்கியத்தில்தான்.

நான்காவது, தோழமை. தேர்வில் தோற்றவர், வேலை தேடி அலுத்தவர், வீட்டில் பேச முடியாத துயரத்தைச் சுமப்பவர் ஆகியோருக்கு ஒத்த வயதினரின் வட்டம் உயிர்காக்கும் துணையாக அமைவதுண்டு. விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு அதுவே இன்னொரு குடும்பம்.

இசையில் புதுமை புகுந்ததைக் குறையாகக் கருதுவோர் உண்டு. இந்தக் குற்றச்சாட்டு வலுவற்றது. இன்று மரபெனப் போற்றப்படும் கீர்த்தனைகளும் தம் காலத்தில் புதியவையே. ஐரோப்பிய ஞானப்பாட்டுகள் மட்டும் ஒலித்த ஆலயங்களில் கர்நாடக இராகங்களும் நாட்டார் மெட்டுகளும் நுழைந்தது ஒரு துணிவான மாற்றம். ஆகவே வாலிபர் ஆராதனையின் குறையை அதன் கித்தாரில் தேடிப் பயனில்லை.

குறைகள்

முதற்குறை, பங்கேற்பு குறைந்து பார்வை மிகுவது. இசைக்குழுவில் சிலர் இருப்பார்கள். மற்றவர்கள் இருட்டில் நின்று அவர்களைப் பார்ப்பார்கள். ஒலி உரக்க எழும்போது சபையாரின் குரல் அடங்கிவிடுகிறது. பாடத் தெரிந்தவருக்கும் பேசத் தெரிந்தவருக்கும் இடமிருக்கும் மேடையில், கூச்ச சுபாவம் கொண்டவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் இடமில்லை. கிறிஸ்டியன் எண்டெவர் ஒவ்வொரு உறுப்பினரிடமும் கேட்ட பங்கு இங்கே யாரிடமும் கேட்கப்படுவதில்லை.

இரண்டாம் குறை, தலைமுறைப் பிரிவு. காலையில் பெரியவர்கள், மாலையில் இளையோர் என்று பிரிந்தபின் ஒரே சபையார் ஒருவரையொருவர் அறியாமல் போகிறார்கள். நோயையும் இழப்பையும் நம்பிக்கையோடு தாங்கிய முதியவரின் வாழ்க்கை இளையோருக்குக் கிடைக்கக்கூடிய வலிய மறைக்கல்வி. அது கிடைக்காமல் போகிறது. இதன் விளைவு சில ஆண்டுகள் கழித்தே தெரியும். திருமணமாகி வாலிபர் ஐக்கியத்தை விட்டு வெளிவருபவருக்குப் பொது ஆராதனை அந்நியமாகத் தோன்றும். அவர் சபைக்குள் வளரவில்லை, சபையின் ஓரத்தில் வளர்ந்திருக்கிறார்.

மூன்றாம் குறை, உணர்ச்சிக்கும் போதனைக்கும் இடையிலான சமனின்மை. முகாமின் கடைசி இரவில் கண்ணீரோடு எடுக்கும் தீர்மானம் உண்மையானது. ஆனால் அதைத் தொடர்ந்து வளர்க்கும் ஏற்பாடு பல இடங்களில் இல்லை. எதிர்முனையும் தவறானதே. 2018-இல் இளையோர் பற்றி ரோமில் நடந்த ஆயர் மாமன்றத்தைத் தொடர்ந்து திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட ‘கிறிஸ்துஸ் வீவித்’ என்னும் திருத்தூது ஊக்கவுரை, ஆழ்ந்த இறையனுபவம் பெற்ற இளையோரைக் கோட்பாட்டு உரைகளில் மட்டும் அமர்த்தினால் அவர்கள் சலிப்புற்று அந்த நெருப்பை இழப்பார்கள் என்று எச்சரிக்கிறது. அனுபவத்தையும் அறிவையும் நட்பும் தொண்டும் இணைக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

நான்காம் குறை, கேட்கப்படாத கேள்விகள். அறிவியலும் வேதமும், காதலும் திருமணமும், பிற மதத்து நண்பர்களோடு வாழும் வாழ்வு, மனச்சோர்வு ஆகியவை பற்றி இளையோர் கேட்க விரும்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சபைக்குள் நிலவும் சாதி அவர்களை உறுத்துகிறது. சகோதரத்துவம் பற்றிப் பாடிவிட்டு, பெண் பார்க்கும்போதும் சபைத் தேர்தலில் வாக்குக் கேட்கும்போதும் கல்லறையில் இடம் ஒதுக்கும்போதும் சாதி பார்க்கும் பெரியவர்களைக் கண்டு அவர்கள் மனம் கசந்துபோகிறார்கள். தேர்தல் பூசல்களும் நீதிமன்ற வழக்குகளும் இதே கசப்பை வளர்க்கின்றன. எத்தனை இனிய இசையாலும் இந்த முரணை மூட முடியாது.

ஐந்தாம் குறை, அதிகாரமின்மை. நாற்காலி அடுக்கவும், அசன விருந்தில் பரிமாறவும், குருத்தோலை கட்டவும் வாலிபர்கள் அழைக்கப்படுகிறார்கள். சேகரக் குழுவிலோ பங்குப் பேரவையிலோ பணம் பற்றியும் திட்டம் பற்றியும் பேசும்போது அவர்கள் குரல் அரிதாகவே கேட்கிறது. இளம்பெண்களின் நிலை இன்னும் கடினம்: பாடகர் குழுவில் முன்வரிசை, முடிவெடுக்கும் இடத்தில் கடைசி வரிசை.

பிறிதொரு சான்று

பெரிய மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாமல் இளையோரைச் சேர்க்க முடியாது என்ற எண்ணத்துக்குப் பிரான்சின் தெய்ஸே கிராமம் மறுப்பாக நிற்கிறது. சகோதரர் ரோஜர் 1940-இல் அங்கே குடியேறித் தொடங்கிய துறவறக் குழுமத்தைத் தேடி, பல திருச்சபைகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான இளையோர் ஆண்டுதோறும் வருகிறார்கள். அங்கே நடப்பது ஒரு நாளில் மும்முறை ஜெபம், திரும்பத் திரும்பப் பாடும் சிறு பாடல்கள், நீண்ட மௌனம், எளிய உணவு, சிறு குழுக்களில் உரையாடல். சமையலுக்கும் துப்புரவுக்கும் வருகிறவர்களே கைகொடுக்கிறார்கள். 1980-களில் சென்னையிலும் இக்குழுமம் இளையோர் சந்திப்பை நடத்தியது. மௌனத்தையும் வேலையையும் இளையோர் விரும்புவார்கள், அவை உண்மையானவையாக இருந்தால், என்பதற்கு இது வாழும் சான்று.

செய்யத்தக்கவை

மேற்கண்ட நிறைகளையும் குறைகளையும் எடைபோட்டால் சில வழிகள் தெளிவாகின்றன.

வாலிபர் ஆராதனையை நிறுத்த வேண்டியதில்லை. அதைப் பொது ஆராதனையோடு பிணைக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு எல்லா வயதினரும் கூடும் வழிபாட்டில் வேதவாசிப்பு, மன்றாட்டு, காணிக்கை எடுத்தல், வரவேற்பு ஆகியவற்றை இரு தலைமுறையினரும் சேர்ந்து செய்யலாம். கீர்த்தனைகளை இளையோர் தம் கருவிகளோடு பாடவும், புதிய பாடல்களை முதியோர் கற்கவும் அதில் இடமிருக்கும்.

சபையின் முடிவெடுக்கும் குழுவில் இளையோருக்கு வாக்குரிமையோடு இடம் வேண்டும். அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் உடன் நின்று திருத்தப் பெரியவர்கள் முன்வர வேண்டும். பொறுப்பைப் பறிப்பது அதற்கு வழியன்று.

திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் குடும்பத்துக்கு வெளியே ஒரு மூத்தவரைத் துணையாக நியமிக்கலாம். வெளியூர் செல்லும் பிள்ளையைப் பற்றி அவ்வூர்ச் சபைக்குப் போதகரே தொலைபேசியில் சொல்லிவைப்பது சிறிய வேலை; பலனோ பெரிது.

கேள்விகளுக்கென ஒரு களம் தேவை. விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லும் போதகர்மேல் இளையோர் நம்பிக்கை வைப்பார்கள். சாதி பற்றிய பேச்சு அக்களத்தோடு நின்றுவிடாமல், சபையின் நடத்தையிலும் திருத்தமாக வெளிப்பட வேண்டும்.

முகாம்களும் இரவுக் கூட்டங்களும் பாதுகாப்பானவையாக இருப்பது அடிப்படைக் கடமை. 18 வயதுக்குட்பட்டோரைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தைப் பற்றிய பயிற்சி, இளையோர் பணியில் ஈடுபடும் ஒவ்வொருவருக்கும் கட்டாயமாக வேண்டும்.

மதிப்பீடு

வாலிபர் ஆராதனை இளையோரைத் திருச்சபையின் வாசல்வரை கொண்டுவரும் நல்ல வழி. வாசலோடு நின்றுவிடுவது அதன் குறை. இசையும் எளிய மொழியும் வரவழைக்கும். பொறுப்பும், மூத்தோரின் நட்பும், நேர்மையான விடையும், சொல்லுக்கேற்ற வாழ்வுமே நிலைநிறுத்தும். இருபது வயதை ஒட்டிய அசரியாவை நம்பிப் பொறுப்பளித்த தென்னகக் கிறிஸ்தவம், இன்றைய இருபது வயதினரையும் அதே அளவு நம்ப வேண்டும். இளையோருக்காக என்ன நிகழ்ச்சி நடத்தலாம் என்று கேட்கும் சபைகள், எந்தப் பணியை அவர்களிடம் ஒப்படைக்கலாம் என்று கேட்கத் தொடங்கட்டும்.