மேடைக்குப் போகும் பேஸ் கிட்டார்

1951-இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவரும்வரை, ஊர் ஊராக வாசிக்கப் போகும் பேஸ் கலைஞர் பெரும்பாலும் ஆளுயர டபுள் பேஸைத்தான் சுமந்தார். தோளில் மாட்டும் புதிய வாத்தியம் அந்தப் பாரத்தைக் குறைத்தது. கழுத்தில் பதித்த ஃபிரெட்டுகள் சுருதி பிசகாமல் காத்தன. ‘துல்லியம்’ என்று பொருள்படும் பெயர் அதனால்தான் வந்தது.

அதன் முழு அழகையும் வெளிக்கொணர்ந்தவர் டெட்ராய்ட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சன். மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளுக்கு இடையே இரவு கிளப்புகளிலும் வாசித்தார். அவர் கையில் இருந்தது 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன். வழவழப்பான தடித்த தந்திகள், அறுந்தாலொழிய மாற்றமாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், தந்தியின் நீண்ட ரீங்காரத்தை அடக்கி ஒவ்வொரு சுரத்தையும் ‘தொம்’ என்று உருட்டித் தரும். மீட்டுவதோ வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அந்த ஒற்றை விரலில் இத்தனை நுட்பமான நடை பிறந்தது வியப்புக்குரியது.

கிளப்புகளில் அவருக்குத் துணை ஆம்பெக் பி-15. 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட இந்த வால்வு ஆம்ப்பின் மேல்பலகையைத் திருப்பிப் போட்டால், அதில் பொருத்திய ஆம்ப் பகுதி முழுவதும் பெட்டிக்குள் இறங்கிவிடும். நள்ளிரவில் மூட்டை கட்டுகிறவரின் சிரமம் அறிந்த வடிவமைப்பு! சிறிய கிளப்புக்கு அதன் ஒலி தாராளம். பெரிய அரங்குக்குப் போதாது.

மோட்டவுன் தட்டுகளில் வாத்தியக்காரர் பெயர்கள் நெடுங்காலம் அச்சாகவில்லை. பாடகர் மார்வின் கேயின் 1971-ஆம் ஆண்டு ஆல்பத்தில்தான் ஜேமர்சனின் பெயர் இடம்பெற்றது. 1983-இல் அவர் இறப்பதற்குச் சற்றுமுன் அந்த 1962 பிரிசிஷன் பேஸ் களவுபோனது.