மலையக நோக்கில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்

ஒரு சட்டத்தை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அதன் வாசகங்களையே நோக்குவர். அது யார்மீது செயற்படுகின்றது, அவர்களிடம் முன்னர் எவ்வுரிமைகள் இருந்தன என்பன பின்தள்ளப்படுதல் வழக்கம். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வடக்கு, கிழக்கு நிலைமைகளை முன்வைத்தே மிகுதியும் ஆராயப்பட்டுள்ளது. அது இயல்பே. ஆயின் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைத் தோட்டங்களிலிருந்து நோக்குமிடத்து அதன் வேறொரு பக்கம் புலப்படும்.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சு, ஒன்றுகூடல், தொழிற்சங்கம் ஆகிய சுதந்திரங்களைப் பிரசைகளுக்கு உரியனவாக்கியது. சித்திரவதைக்கு எதிரான 11 ஆம் உறுப்புரையும், எதேச்சையான கைதுக்கு எதிரான 13 ஆம் உறுப்புரையும் எல்லா ஆட்களுக்கும் உரியன. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருள் பெருந்தொகையினர் 1979 இலும் அந்நிலையிலேயே இருந்தனர். வேறெந்நாட்டுப் பிரசையும் அல்லாத நிரந்தர வதிவாளருக்கு 14 ஆம் உறுப்புரையின் சுதந்திரங்கள் பத்தாண்டுகளுக்கு மட்டுமே அளிக்கப்பட்டன. ஆகவே காலவரையறையின்றி அவர்களுக்கு எஞ்சியிருந்த சிலவற்றுள் முதன்மையானது, காரணம் கூறாது கைதுசெய்யப்படாமலும் நீதிபதி முன் கொண்டுசெல்லப்படாது அடைக்கப்படாமலும் இருக்கும் உரிமையே. பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் கைவைத்தது அதன்மீதுதான்.

அச்சட்டத்தின் 9 ஆம் பிரிவு, அமைச்சரின் ஐயம் ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு ஒருவரைப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்துவைக்க இடமளித்தது. அவ்வாணையை எந்நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்தலாகாது என்றது 10 ஆம் பிரிவு. அமைச்சரவை இச்சட்டமூலத்தை மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேற்றத் தீர்மானித்திருந்தது. அதனால் அது அரசியலமைப்புடன் முரண்படுகின்றதா என்பதை உயர் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. சர்வசன வாக்கெடுப்புத் தேவையா என்பதே எஞ்சிய வினாவாயிற்று. தலைப்பிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ எனக் குறிக்கப்பட்டு மூன்றாண்டுகளுக்கென இயற்றப்பட்ட இச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது.

16 ஆம் பிரிவு இன்னும் ஆழமானது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலை அது சான்றாக ஏற்றது; அது வற்புறுத்திப் பெறப்பட்டது என எண்பிக்கும் சுமையை எதிரிமீது சுமத்தியது. கிழக்கைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா 1993 இல் கைதானார். தமக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் இட்டார். 1995 இல் ஐம்பதாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. இவ்வாறு சுமையை மாற்றுதல் நியாயமான விசாரணைக்கு முரணானது என ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004 இல் கருதியது. உயர் நீதிமன்றம் 2006 இல் அவருக்கு நிவாரணம் மறுத்தது. சிங்களம் எழுதப்படிக்க அறியாத தோட்டத் தொழிலாளி அதே நிலையில் நிறுத்தப்படின் அவர் எதனை எண்பிக்க இயலும்?

மலையக மக்கள் முன்னணித் தலைவர் பெ. சந்திரசேகரன், 1991 இல் கொழும்பில் நிகழ்ந்த குண்டுவெடிப்பின் பின்னர் தடுத்துவைக்கப்பட்டார். 1994 இல் நுவரெலியா மாவட்ட மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் தெரிவுசெய்தனர். பெயர் அறியப்பட்ட தலைவருக்கு வாக்காளர் துணைநின்றனர். பெயர் அறியப்படாத இளைஞனுக்கு அவ்வாய்ப்பில்லை. 126 ஆம் உறுப்புரையின்படி உரிமை மீறலுக்கு ஒரு மாதத்துள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். நாட்கூலியில் வாழும், கடிதங்களைத் தோட்ட அலுவலகத்தின் வழியே பெறும் லயக் குடும்பத்துக்கு அக்காலம் போதுமோ?

குண்டுகளிலிருந்து மக்களைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டென்பது மறுக்கத்தக்கதன்று. 1996 இன் மத்திய வங்கித் தாக்குதலையும் 2019 இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலையும் எவரும் மறத்தல் இயலாது. ஆயினும் 2019 இல் இச்சட்டம் நாற்பதாண்டுகளாக நடைமுறையில் இருந்தது, முன்னெச்சரிக்கைகளும் கிடைத்திருந்தன. குறைவாயிருந்தது அதிகாரமன்று, கிடைத்த தகவலின்படி செயலாற்றும் பொறுப்பே.

2022 ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச எல்லையைப் பன்னிரண்டு மாதங்களாக்கியது. ஆணைகளை நீதிமன்றில் வினவவும் வழிதிறந்தது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் 16 ஆம் பிரிவை அத்திருத்தம் நீக்கவில்லை. 2003 ஆம் ஆண்டளவில் நாடற்ற நிலைக்குச் சட்டத்தில் முடிவு காணப்பட்டது. மலையக மக்கள் பிரசைகளாயினர். பிரசையான பின்னரும் தன் மொழியில் எழுதப்படாத தாளில் ஒருவர் விரலடையாளம் இட நேருமாயின், அவர் பெற்ற பிரசாவுரிமை முழுமையானதன்று. இச்சட்டத்துக்கு மாற்றாக வரையப்படும் எதனையும் முதலில் இவ்வினாவின் முன் நிறுத்தியே சீர்தூக்குதல் வேண்டும்.