விசைப்பலகையும் கரிசல் பேச்சும்

கம்ப்யூட்டருக்குக் காரியம் கற்பிக்கிறவர்கள், அதைக் கையாளப்போகிற மனிதன் என்ன வேலையை எந்த வரிசையில் செய்கிறான் என்பதை முதலில் எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். நாவலாசிரியன் தன் பாத்திரத்துக்குச் செய்வதும் ஏறக்குறைய அதுதான். தமிழ் எழுதுகிறவனை அவர்கள் எப்படிப்பட்ட ஆசாமியாகக் கற்பனை செய்தார்கள் என்பது விசைப்பலகையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா அமைத்த தட்டச்சு யந்திரத்தில் 'கெ' வேண்டுமானால் கொம்பை முதலில் தட்டி, பிறகு ககரத்தைத் தட்ட வேண்டும். பேனா போகிற வழி அது. அந்த யந்திரம் கையைக் கவனித்தது. 1999-ல் தமிழ்நாடு அரசு அங்கீகரித்த 'தமிழ்99' காதைக் கவனித்தது: முதலில் க, பிறகு எ. உயிரெழுத்துக்கள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது புள்ளி விஷயம். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச வந்தாலும் அப்படியே. 'பப்பாளி' மாதிரிச் சொற்களில் நடுவே அகரத்தைத் தட்டி அதைத் தடுக்க வேண்டியிருக்கிறது, சின்னத் தொந்தரவுதான்.

இதன் அருமை எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சை எழுதும்போது புலப்படும். 'அங்கிட்டு' என்று எழுத ஏழே தட்டு. இரண்டு புள்ளிகளும் கேட்காமலே வந்துவிடுகின்றன. அது எந்த அகராதியில் இருக்கிறது என்று பலகை விசாரிப்பதில்லை. தமிழ் ஒலிகள் ஒன்றோடொன்று எப்படிச் சேரும் என்பது அதற்குத் தெரியும். அவ்வளவு போதும்.

பிற்பாடு வந்த கைப்பேசிகளின் சொல் யூகம் வேறு ஜாதி. 'ஐயா வந்தாக' என்று என் பாத்திரம் வாயைத் திறந்தால், 'வேண்டும்' என்று கைப்பேசி எடுத்துக்கொடுக்கிறது. மரியாதையோடு சொல்லப்பட்ட பெரியவர், கட்டாயத்தின் பேரில் வருகிறவராகிவிடுகிறார்! அதற்குத் தெரிந்தது ஏற்கெனவே எழுதப்பட்ட தமிழ். கம்மங்காட்டு வரப்பில் நிற்கும் கிழவியைப் பேசவைப்பதும் ஒரு வேலை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தாரே, அதை உள்ளே போட்டுவிட்டால் தீராதா என்றார் நண்பர் ஒருவர். தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'வந்தாக' இரண்டு தமிழுக்கும் பொது. பேசுகிறது யார் என்று தெரியாமல் அடுத்த சொல்லை எப்படி யூகிப்பது? உரையாடல் வரும் இடங்களில் நான் யூகத்தை அணைத்துவிட்டுத் தமிழ்99-லேயே அடிக்கிறேன். வருணனைக்கு வேண்டுமானால் அது இருந்துவிட்டுப் போகட்டும்.